வேட்பாளர் விலகினார், வேலையும் போயிற்று!
ஆவடியில் தொண்டர், அமெரிக்காவில் சம்பளக்காரர்

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் 2024-ம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது.

இந்த இரண்டு சட்டசபைத் தொகுதிகளும் திருவள்ளூர் பாராளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. அங்கே தி.மு.க. போட்டியிடவில்லை. கூட்டணியில் இருந்த காங்கிரசுக்கு இடத்தை விட்டுக் கொடுத்தது. அ.தி.மு.க.வும் போட்டியிடவில்லை. அது தே.மு.தி.க.வுக்கு விட்டுக் கொடுத்தது.

தொண்டர்கள் என்ன செய்தார்கள்? உதயசூரியனுக்கு ஓட்டுக் கேட்டுப் பழகியவர்கள் "கை" சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டார்கள். இரட்டை இலைக்காரர்கள் "முரசு" சின்னத்தைத் தூக்கிக் கொண்டு தெருத் தெருவாக நடந்தார்கள். மனத்தாங்கல் அடைந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் வேலை நடந்தது. காங்கிரஸ் வேட்பாளர் சசிகாந்த் செந்தில் வெற்றி பெற்றார்.

இந்தத் தொண்டர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?

சம்பளப் பட்டியலே கிடையாது! டீ உண்டு, சாப்பாடு உண்டு, கைச்செலவு உண்டு. அந்தச் சாப்பாட்டுச் செலவும் வேட்பாளரின் கணக்கில்தான் ஏறும். அந்தத் தேர்தலில் ஒரு பாராளுமன்ற வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரைதான் செலவு செய்யலாம். டீ என்ன விலை, பிரியாணி என்ன விலை என்று அதிகாரிகளே பட்டியல் போட்டு விடுவார்கள்.

தொண்டரின் பிழைப்பு வேறு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, மளிகைக்கடை, ஆட்டோ என்று எதுவாகவும் இருக்கலாம். தேர்தல் வந்தால் அதற்கு லீவு போட்டுவிட்டு வருவார்.

விடியுமுன் வேலை

ஓட்டுப்பதிவு காலை 7 மணிக்குத்தான். ஆனால் பூத் ஏஜெண்டு விடியுமுன்னே அங்கே இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் முன்னதாக மாதிரி ஓட்டுப்பதிவு நடக்கும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று ஏஜெண்டுகள் பார்த்த பிறகு அந்த ஓட்டுகளை அழித்து, சீல் வைப்பார்கள். ஏஜெண்டு அதில் கையெழுத்துப் போடலாம்.

பிறகு நாள் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். வருகிறவர் உண்மையான ஓட்டரா, ஆள் மாறாட்டமா என்று கவனிப்பார். சந்தேகம் வந்தால் ஆட்சேபிப்பார். மாலையில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று அதிகாரி எழுதித் தரும் 17-சி என்ற படிவத்தை வாங்கிக் கொண்டுதான் வெளியே வருவார்.

ஆவடியில் ஒரு சங்கடம் உண்டு. சர்க்கார் ஊழியர் யாரும் வேட்பாளருக்கு ஏஜெண்டாக இருக்கக் கூடாது. இருந்தால் 3 மாதம் வரை ஜெயில் என்று சட்டம் சொல்கிறது. ஆவடியோ விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ், தமிழ்நாடு சிறப்புக் காவல்படை என்று சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் நிறைந்த ஊர். அப்பா உள்ளே உட்கார முடியாது. வேலை தேடிக் கொண்டிருக்கும் மகன் உட்காரலாம்!

வேட்பாளர் ஆவதற்கே ஒரு தேர்தல்

அமெரிக்காவில் கதையே வேறு. ஜனாதிபதி தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை நிலையம் முடிவு செய்வதில்லை. கட்சியின் சாதாரண ஓட்டர்கள் முடிவு செய்கிறார்கள். அதற்காக மாநிலம் மாநிலமாக ஒரு முன்தேர்தல் நடக்கிறது. இதற்குப் "பிரைமரி" என்று பெயர். நம் ஊரில் விருப்ப மனு வாங்கி, நேர்காணல் நடத்தி, ஓர் அறைக்குள் முடிகிற காரியத்தை அங்கே ஊரைக் கூட்டி நடத்துகிறார்கள்.

இதில் மோதுகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்காரர்கள். ஆகவே கட்சியின் ஆட்கள் யாருக்கும் சொந்தம் இல்லை. ஒவ்வொருவரும் தனியாக ஆபீஸ் பிடிக்க வேண்டும். தனியாக ஆள் எடுக்க வேண்டும். மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் நன்கொடையில் இருந்து வருகிறது. நன்கொடை நின்றால் சம்பளமும் நிற்கும்.

சென்னைப் பெண்ணின் மகள்கள்

கமலா ஹாரிசின் கதை இதற்கு நல்ல உதாரணம். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் 1958-ம் ஆண்டு, 19 வயதில், மேல்படிப்புக்காக அமெரிக்கா போனவர். தாத்தா பி.வி.கோபாலனின் சொந்த ஊர் மன்னார்குடி பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரம்.

2019-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி, தான் போட்டியிடுவதாகக் கமலா அறிவித்தார். ஆறு நாள் கழித்து ஓக்லண்ட் நகரில் முதல் கூட்டம். 20 ஆயிரம் பேர் திரண்டார்கள் என்று அவரது குழு சொன்னது.

தேர்தல் குழுவுக்குத் தலைவி யார் தெரியுமா? கமலாவின் தங்கை மாயா! மாயா சாதாரண ஆள் அல்ல. வக்கீல். 2016-ல் ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் குழுவில் ஆலோசகராக இருந்தவர். ஆனால் மானேஜர் பதவியில் யுவான் ரோட்ரிகஸ் என்ற இன்னொருவர் இருந்தார். தங்கை சொல்வதா, மானேஜர் சொல்வதா, எதைக் கேட்பது என்று ஊழியர்கள் திண்டாடியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஒரு வீட்டில் இரண்டு சமையல்காரர் என்றால் குழம்பு என்ன ஆகும்?

அந்தத் தேர்தலில் முதல் களம் அயோவா மாநிலமாக இருந்தது. அங்கே அப்போது ஓட்டுப் பெட்டி கிடையாது. பள்ளிக்கூடத்திலோ மாதா கோவில் மண்டபத்திலோ பேட்டைவாசிகள் கூடுவார்கள். எனக்கு இவர், உனக்கு அவர் என்று ஆளுக்கு ஒரு மூலையில் போய் நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். போதிய ஆள் சேராத மூலைக்காரர்களை மற்ற மூலைக்காரர்கள் பேசிப் பேசி இழுப்பார்கள்.

இப்படி ஆள் சேர்க்க, பல மாதங்களுக்கு முன்பே இளைஞர்களைச் சம்பளத்துக்கு அனுப்புவார்கள். தெரியாத ஊர். ஆதரவாளர் வீட்டில் ஓர் அறையில் படுக்கை. பகலெல்லாம் கதவு தட்ட வேண்டும். இரவில் போன் பேச வேண்டும். கமலாவின் ஆட்களும் இப்படித்தான் வேலை செய்தார்கள்.

அதற்குள் பணம் கரைந்தது. அக்டோபர் 30-ந் தேதி ஆள் குறைப்பு உத்தரவு வந்தது. பால்டிமோர் தலைமை ஆபீசில் பலருக்கு வேலை போயிற்று. வேறு மாநிலங்களில் இருந்தவர்களை அயோவாவுக்கு மாற்றினார்கள். மானேஜரும் தன் சம்பளத்தைக் குறைத்துக் கொண்டார். ஓர் அதிகாரி ராஜினாமா செய்தார். வாஷிங்டனில் இருந்து பால்டிமோருக்குக் குடிமாறி வரச் சொல்லிவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் வேலையை விட்டு நீக்கியது அநியாயம் என்று அவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது.

டிசம்பர் 3-ந் தேதி கமலா விலகினார். காரணம், பணமில்லை. அப்போது ஒருவர் கூட ஓட்டுப் போட்டிருக்கவில்லை! அயோவா தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பணம் இருந்தால் மட்டும்?

கோடீசுவரர் மைக்கேல் புளூம்பெர்க்குக்குப் பணக் கவலை இல்லை. 2019 நவம்பரில் களத்தில் குதித்தார். 2 ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்களை எடுத்தார். கதவு தட்டும் வேலைக்கு மாதம் 6 ஆயிரம் டாலர்; மற்றவர்கள் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீங்கள் தோற்றாலும் நவம்பர் வரை சம்பளம் உண்டு என்று சொல்லி எடுத்ததாக ஊழியர்கள் சொன்னார்கள். அவர் ஜெயித்ததோ அமெரிக்க சமோவா என்ற சின்னத் தீவுக் கூட்டத்தில் மட்டும். 2020 மார்ச் 4-ந் தேதி விலகினார். அந்த மாதமே ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொரோனா பரவிய நேரம் அது. ஊழியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

பெர்னி சாண்டர்சின் ஊழியர்கள் முன்யோசனைக்காரர்கள். 2019 மார்ச்சிலேயே தொழிற்சங்கம் அமைத்து விட்டார்கள். மணிக்கு 15 டாலர் கூலி வேண்டும் என்று நாடெல்லாம் பேசியவர் சாண்டர்ஸ். நாங்கள் உழைக்கும் நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் எங்களுக்கே அது வரவில்லையே என்று அவருடைய ஆட்கள் கேட்டார்கள்! பேச்சு நடந்தது. சம்பளம் உயர்ந்தது.

நம் ஆவடித் தொண்டர் இப்படிக் கேட்க முடியுமா? கேட்க அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை. வேலைக்கு எடுத்ததாக உத்தரவு இருந்தால்தானே நீக்கியதாக வழக்குப் போடலாம்? அவருக்கு இருப்பது கட்சிப் பதவியோ, அதன் மேல் ஆசையோதான். அவர் உழைப்பைக் கட்சிகள் மிகவும் மலிவாக வாங்கி விடுகின்றன.

2024 ஜூலை 21-ந் தேதி ஜனாதிபதி ஜோ பைடன் போட்டியில் இருந்து விலகினார். கமலா அந்த இடத்துக்கு வந்தார். இந்தத் தடவை அவர் பிரைமரியில் மோதவில்லை. ஆள் தேடவும் இல்லை. வில்மிங்டன் நகரில் பைடன் வைத்திருந்த ஆபீஸ், பணம், ஊழியர்கள் எல்லாம் அப்படியே அவருக்கு வந்தன. ஆவடித் தொண்டர் கையில் சின்னம் மாறியது போல, அவர்கள் கையில் இருந்த பலகையில் பெயர் மாறியது.

நவம்பர் 5-ந் தேதி டிரம்ப் வெற்றி பெற்றார். கமலாவின் ஊழியர்கள் அடுத்த வேலை தேடப் புறப்பட்டார்கள்.