ஓராண்டுப் படிப்பும் அதன் கணக்கும்

ஆண்டு பிறக்கும்பொழுது, "இவ்வாண்டில் பன்னிரண்டு நூல்களைப் படித்து முடிப்பேன்" என்று உறுதி கொள்வோர் தோட்டப்புறங்களில் பலர் உளர். டிசம்பர் திங்களில் அவ்வுறுதியை நினைவுகூர்வோர் சிலரே. அவர்களும் "மூன்றுதானே முடிந்தது" என்று வெட்கி, மறு ஆண்டு அம்முயற்சியையே கைவிட்டுவிடுகின்றனர். குறை கணக்கிடும் முறையில்தான் இருக்கின்றது, படித்தவரிடம் இல்லை என்பது நமது கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களைக் கொண்டது. அதனை ஓராண்டில் முடிக்க எண்ணிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இரண்டு பாகங்களையே முடித்தார் எனக் கொள்வோம். அவர் தோற்றவரா? அக்கதை 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை தொடராக வெளிவந்தது. அதனை முதன்முதலில் படித்தவர்கள் மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் காத்திருந்தே படித்தனர். ஓராண்டில் இரண்டு பாகம் என்பது அவர்களுடைய வேகத்தினும் சற்று மிகுதியே.

திருக்குறளின் 133 அதிகாரங்களை வாரத்திற்கு ஒன்றாகப் படித்தால் இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகும். வாரத்திற்கு மூன்றாகப் படித்தாலோ நாற்பத்தைந்து வாரங்களில் முடிந்துவிடும். எஞ்சிய ஏழு வாரங்கள் தீபாவளிக்கும் காய்ச்சலுக்கும் பிள்ளைகளின் பள்ளி அலுவல்களுக்கும் போதுமானவை. தொடங்குவோர்க்கு, 1949இல் வெளிவந்த டாக்டர் மு. வரதராசனாரின் தெளிவுரை ஏற்றது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவரும் துணையின்றிப் படிக்கத்தக்க எளிய நடை அதனுடையது.

இலக்கினை வகுக்கையில் தொழிலின் போக்கையும் கருதுதல் வேண்டும். விடியுமுன் நிரைக்குச் சென்று மரம் வெட்டி, பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்புபவருக்குப் பிற்பகலில் கண் அயர்வது இயல்பு. "இரவில் ஒரு மணி நேரம் படியுங்கள்" என்னும் நகரத்து அறிவுரை அவருக்கு ஆகாது. மழை நாளில் படிக்கலாமே என்பாரும் உளர். வெட்டு இல்லை, வருமானம் குறையுமே என்ற கவலையோடு எவர் கதை படிப்பார்? மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறையே படிப்பிற்கும் பொருந்தும். ஓய்வின்றி வெட்டப்படும் மரம் பால் வறண்டு நின்றுபோவதைத் தாங்கள் கண்ணாரக் கண்டவர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்தே பக்கங்கள் படித்தாலும் ஆண்டுக்கு 900 பக்கங்களுக்கு மேலாகின்றன.

படித்த நாளையும் பக்கத்தையும் பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகமொன்றில் குறித்து வருதல் நலம். பாதியில் நின்ற நூலின் பெயரும் அதில் இருத்தல் வேண்டும். ஏன் நின்றது என்பதை ஒரு வரியில் எழுதினால், எழுத்துச் சிறிதாயிருந்ததா, இரவல் தந்தவர் திரும்பப் பெற்றாரா, அன்றி நூலே நமக்கு உகந்ததன்றா என்பது ஆண்டிறுதியில் தெளிவாகும். மூக்குக்கண்ணாடி தேவை என்பதை இவ்வாறு அறிந்துகொள்வோரும் இருக்கக்கூடும்! எழுத்தறியாத தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டியதையும் கணக்கில் சேர்க்கலாம். 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற நாளிதழ்களை ஒருவர் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டறிந்த காலம் ஒன்றுண்டு.

நூல்களோடு ஒரு தாளையும் இலக்கில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். அது ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஆண்டுக் கணக்கறிக்கை. அறுபது வயதுக்குட்பட்ட மலேசியக் குடிமகனின் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கப்படுகின்றது. மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டிற்கு மேற்படாதாயின் முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு செலுத்துதல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களும் செலுத்தப்பட்டனவா என்பதை அவ்வறிக்கையே காட்டும். அதனைப் படியாது மேசையடியில் வைத்துவிட்டால், விடுபட்ட மாதம் ஓய்வு பெறும் நாளில்தான் தெரியவரும். மலாய் மொழியில் இருக்கின்றதே என்று தயங்க வேண்டியதில்லை. 'மஜிக்கான்' என்றால் முதலாளி. 'சாருமான்' என்றால் சந்தா. 'பாக்கி' என்றால் நமது பாக்கியேதான். பள்ளி செல்லும் மகளை அருகில் அமர்த்திக்கொண்டால் ஒரு மாலைப் பொழுதில் இவ்வேலை முடிந்துவிடும். ஐயம் எழுந்தால் சம்பளச் சீட்டுகளுடன் வாரியக் கிளைக்குச் சென்று விசாரிக்கலாம்.

ஜனவரியில் புதுக் குறிப்பேட்டின் முதல் வரியில் இவ்வறிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் அதற்கடுத்த வரியில் இருக்கட்டும்.