பத்துக்குப் பத்து கோலியில் ஒரு கோட்டை முற்றுகை!
காசு செலவில்லாத கதை விளையாட்டு

மாஹிம்:

மழை பிடித்துக்கொண்டால் மாஹிம், தாராவிப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை. மைதானம் சகதி. பத்துக்குப் பத்து கோலிக்குள் ஐந்து பேர், ஆறு பேர். ஒரே செல்போனுக்கு மூன்று பேர் அடித்துக்கொள்கிறார்கள். அப்பா வேலை முடிந்து லோக்கலில் வந்து இறங்கினால் பஞ்சாயத்துத்தான்.

இந்த வீடுகளுக்குப் பொருத்தமான ஒரு விளையாட்டு உண்டு. தாயம் போலப் பாயில் உட்கார்ந்து ஆடுவது. ஆனால் கட்டம் கிடையாது, கதைதான். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் கதையில் வரும் வீரன், திருடன், மந்திரவாதி.

"நள்ளிரவு. மாஹிம் கோட்டை மதிலுக்குக் கீழே படகில் வந்திருக்கிறீர்கள். மேலே காவல்காரன் இருமுகிறான். என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பார் கதைசொல்லி. ஒருவன் கயிறு வீசுவேன் என்பான். இன்னொருத்தி, மீன் விற்க வந்ததாகப் பேச்சுக் கொடுப்பேன் என்பாள். பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். நம் பக்கத்திலேயே மாஹிம் கோட்டையும், 1737-ஆம் ஆண்டுக் கல்வெட்டுள்ள தாராவி காலா கில்லாவும் இருக்கும்போது கதைக்கா பஞ்சம்?

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இதை வெளியிட்டார்கள். முதல் அச்சு 1,000 பெட்டிகள். விலை 10 டாலர். இன்று அதன் புதுப் பதிப்பில் ஒரு புத்தகமே சுமார் 50 டாலர். முழுசாக ஆட மூன்று வேண்டும். நம் சம்பளத்துக்குச் சரிப்படாது. சரிப்பட வேண்டியதும் இல்லை. பழைய பாணி விதிகளையே சுருக்கி எழுதி, இலவசமாகக் கொடுக்கும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

எதை முதலில் எடுப்பது?

யோகாய் கால் 2020-ல் எழுதிய 'கெய்ர்ன்' போதும். சில தாள்களில் அடங்கிவிடும். உடல் வலு, சுறுசுறுப்பு, மனத்திடம் ஆகிய மூன்றுக்கும் மும்மூன்று பகடை உருட்டி எழுதிக்கொண்டால் ஆள் தயார். இதில் சண்டை என்று இறங்கினால் அடி தவறுவதே இல்லை, வாங்கும் அடியும் அப்படித்தான். ஆகவே கத்தியை உருவும் முன் பையன்கள் யோசிக்கிறார்கள்.

கிரிஸ் கானர்மேனின் 'பேசிக் ஃபேன்டஸி' பெரிய புத்தகம். கோப்பு இலவசம், அச்சுப் பிரதியும் அடக்க விலையை ஒட்டியே. முழுவதையும் ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். ஆளை உருவாக்கும் பக்கங்களும் சண்டைப் பட்டியலும் போதும், மற்றதைப் போனிலேயே பார்க்கலாம். 'ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' நேர்த்தியானது. அடிப்படை விதிகள் இலவசம், முழுப் பதிப்புக்குக் காசு.

கதைக்கு 'டூம் ஆஃப் தி சர்ப்பன்ட் கிங்ஸ்', அதாவது நாகராஜாக்களின் கல்லறை. இதுவும் இலவசம். புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே எழுதப்பட்டது.

இருபது முகப் பகடை வேண்டுமே என்று தயங்க வேண்டாம். 1979-ல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த அமெரிக்கக் கம்பெனியே எண் போட்ட சீட்டுகளைத்தான் பெட்டியில் வைத்து விற்றது. 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கினால் சரி.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். அதுவும் ஒருவகையில் நல்லதே. பத்தாவது படிக்கும் மகள் விதியைப் படித்து, தமிழில் அப்பாவுக்குச் சொல்லட்டும். டியூஷனுக்குக் கொடுக்கும் பணத்தில் வராத ஆங்கிலம் இதில் வரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் ஆடலாம். கதை கட்டுவதில் அவரை யார் வெல்வது?

நைட் டூட்டி பார்க்கும் வாட்ச்மேனுக்குத் துணைக்கு ஆள் இல்லையே என்றால் அதற்கும் வழி உண்டு. ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் இருவரும் 1982-ல் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன்' தனியாளாக ஆடும் புத்தகம். இரண்டு பகடை, ஒரு பென்சில் இருந்தால் போதும். எந்தப் பக்கம் திரும்புவது என்று நாம் முடிவு செய்து, அதற்குரிய எண்ணுள்ள பத்திக்குப் போக வேண்டும். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் கண்ணில் பட்டால் பேரம் பேசி வாங்கிவிடுங்கள். காசைக் கொடுக்கும் முன், 400-வது பத்தி இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கதை முடிவது அங்கேதான்.