பன்றி இறைச்சிச் சமையல்: கிச்சாப் குறையட்டும், மணம் குறைய வேண்டாம்

பாகான் செராய் வட்டாரத்தில் பன்றி இறைச்சி உண்ணும் குடும்பங்களின் மூத்தவர்களுக்காக இக்கையேடு எழுதப்பட்டுள்ளது. உங்களில் பலர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்கள். காலையிலிருந்து பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, வியர்த்து வீடு திரும்பிய நாட்களில் உப்பும் கொழுப்பும் தூக்கலான பிரட்டலை உடல் ஓரளவு தாங்கியது. இன்று அந்த உழைப்பு இல்லை. ஆனால் கறியில் போடும் உப்பு மட்டும் குறையவில்லை.

2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறுகிறது. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றுக்கு அது வழி திறக்கிறது.

ஒரு கரண்டி கிச்சாப்பில் எவ்வளவு உப்பு?

மலாய் சமையல் குறிப்புகளில் "காரம் செச்சுக்குப் ராசா" என்று இருக்கும். அதைத் தமிழில் "தேவையான அளவு உப்பு" என்று எழுதிவிடுகிறோம். தேவை நாக்குக்கா, இரத்தக் குழாய்க்கா என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே கரண்டிக் கணக்கிலேயே சொல்கிறோம்.

ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு, எல்லா உணவையும் சேர்த்து, 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் சோடியம் உள்ளது. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அரை கிலோ கறிக்கு மூன்று மேசைக்கரண்டி கிச்சாப்பும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்து நால்வர் உண்டால், ஆளுக்குச் சுமார் 1,250 மில்லிகிராம். அந்த ஒரு வேளைக் கறியிலேயே நாளின் பாதி அளவு தாண்டிவிடுகிறது. தடித்த கருப்பு கிச்சாப்பில் சர்க்கரையும் உண்டு. இனிப்புநீர் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

தனியாக வாழும் மூத்தவர்களின் அலமாரியில் பல நேரம் இருப்பது கிச்சாப், உப்பு, அஜினோமோட்டோ, ஒரு டின் இறைச்சி, அவ்வளவுதான். கடைக்குப் போக ஆள் இல்லாதபோது இது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் டின் இறைச்சி உப்பிட்டுப் பதப்படுத்தியது. அதை உண்ணும் நாளில் உப்போ கிச்சாப்போ சேர்க்காதீர்கள். அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு, உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு.

இருப்பதை வைத்துச் சமைப்பது

அரை கிலோ கறிக்கு இவை போதும்: மிளகு 2 தேக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, பூண்டு 8 பல், விரல் நீள இஞ்சி, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, நெல்லிக்காய் அளவு புளி. இஞ்சி இல்லையென்றால் சுக்குத்தூள் போடலாம். புளிக்குப் பதில் கஸ்தூரி எலுமிச்சை அல்லது அசாம் கெப்பிங். இறைச்சி வாடையைப் போக்க, ஊர்ப் பெயரிலேயே இருக்கும் செராய் போதும். வீட்டின் பின்புறம் ஒரு குத்து நட்டால் காசு செலவில்லை. இரண்டு தண்டைத் தட்டிப் போடுங்கள்.

வயிற்றுப் பகுதிக் கறியில் எடையில் பாதியளவு கொழுப்பு. தொடை அல்லது முதுகுக் கறியைக் கேட்டு வாங்கி, வெள்ளைக் கொழுப்பை வெட்டி நீக்குங்கள். சிறு துண்டுகளாக்கி, மஞ்சள், இஞ்சி, பூண்டு, செராய் சேர்த்து, கறி மூழ்கும் அளவு நீர் ஊற்றி மூடி, சிறு தீயில் 45 நிமிடம் வேகவிடுங்கள். பல்செட் அணிந்தவர்களுக்கு இன்னும் கால் மணி நேரம் கூடுதலாக வேகட்டும். மேலே மிதக்கும் கொழுப்பில் இரண்டு தேக்கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அகற்றிவிடுங்கள். தாளிக்க அதுவே போதும், எண்ணெய் வேண்டாம். அதில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, வறுத்துப் பொடித்த மிளகும் சோம்பும் சேர்த்து, கறியையும் புளிக்கரைசலையும் போட்டு நீர் வற்றப் பிரட்டுங்கள்.

உப்பைக் கடைசியில் போடுங்கள், தட்டையாக அரைத் தேக்கரண்டி. கறியின் மேல் படியும் உப்பு நாக்கில் உடனே தெரியும், குறைவு தோன்றாது. சேர்க்கும் உப்பிலிருந்து ஆளுக்குக் கிடைக்கும் சோடியம் 300 மில்லிகிராமுக்குள் அடங்கும். முதல் சில வாரம் சப்பென்று இருக்கலாம், பிறகு நாக்கு பழகிக்கொள்ளும்.

வேகும் வரை பொறுமை

1998-இல் ஈப்போ சுற்றுவட்டாரப் பண்ணைகளில் தொடங்கி, பின்னர் நெகிரி செம்பிலானுக்குப் பரவிய நிப்பா தொற்றை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 105 பேர் இறந்தனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் நோயுற்ற பன்றிகளுடன் நேரடித் தொடர்பில் இருந்த பண்ணைத் தொழிலாளர்கள். நன்கு வெந்த கறியை உண்டதால் வந்த நோயல்ல அது. இருப்பினும் அரைவேக்காட்டுக் கறியில் வேறு கிருமிகளும் புழுக்களும் இருக்கலாம். மிகத் தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் மீண்டும் வேகவையுங்கள். செம்பனைத் தோட்டத்தில் பிடித்த காட்டுப்பன்றி என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்த இறைச்சி எந்தச் சோதனைக்கும் உட்பட்டதல்ல. உறையவைத்தாலும் அதிலுள்ள சில புழுக்கள் சாவதில்லை.

பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் நீர் கிருமிகளைப் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் கொண்டு செல்லும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்து நீரில் அலசி, பிறகு கையையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை அணியுங்கள். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். மதியக் கறியை இரவுக்கென்று அடுப்பின் மேலேயே விட்டுவைக்கும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது.

தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு கறி, அரைப் பங்கு காய்கனி. மலாயில் இதை "சுக்கு சுக்கு செப்பாரோ" என்பார்கள். அந்தச் சுக்கு கால் பங்கைக் குறிக்கும், நம் அடுக்களைச் சுக்கு அல்ல.

உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொட்டாசியம் உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களும் தாமாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது அந்தப் பொட்டலத்தையும் மாத்திரைகளையும் கொண்டுவந்து மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.