இணையம் நின்றால் முதலில் எங்கே தேடுவது?

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்

சென்ற ஐப்பசித் திங்களில் எமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சிக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள சேவை மையத்தின் வாயிலில் விவசாயிகள் பதினைந்து பேர் அடங்கலும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கையிலேந்திக் காத்திருந்தனர். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய இன்னும் இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. காலையிலிருந்து இணையம் இல்லை. உதவி செய்ய முன்வந்த இளைஞர் ஒருவர், மோடத்தின் பின்புறம் உள்ள சிறு துளையில் குண்டூசியை விட்டு நன்றாக அழுத்தியிருந்தார்.

அதன்பின் நடந்ததை விசாரித்தறிந்தேன். வெள்ளையடிப்பதற்காக நகர்த்தப்பட்ட பீரோ, சுவரோரம் வந்த மெல்லிய ஒளியிழைக் கம்பியை நசுக்கியிருந்தது. அதுவே முதற்பழுது, அதனைச் சீர்செய்யப் பத்து நிமிடமே பிடித்தது. ஆனால் குண்டூசியால் அழிந்துபோன அமைப்புகளை மீண்டும் பதிய மூன்று நாள்கள் ஆயின. விவசாயிகள் ஒரு நாள் வேலையை விட்டு நகரத்திற்குப் பேருந்தில் சென்றனர். அங்கிருந்த நெரிசலில் இருவர் காலக்கெடுவைத் தவறவிட்டனர்.

இந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம். வயலுக்கு நீர் வரவில்லையெனில் நாம் மதகை உடைப்பதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, நீர் எதுவரை வந்திருக்கிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். இணையப் பழுதுக்கும் முறை அதுவே. நின்ற இடத்தை அறியுமுன் எதிலும் கை வைத்தலாகாது.

இணைப்பு வரும் வழி

பாரத்நெட் திட்டம், தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் நோக்கத்துடன் 2018ஆம் ஆண்டில் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களும் பல ஊர்களில் இழை இணைப்பு அளித்து வருகின்றன. இணைப்பை அளிப்பவர் எவராயினும் அது வரும் வழி ஒன்றே.

அவ்வழியை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். முதலாவது, வெளியிலிருந்து நம் சுவர்வரை வரும் கண்ணாடி இழை. இரண்டாவது, இழையில் வரும் ஒளியை மின் குறிப்புகளாக மாற்றிப் பல கருவிகளுக்கும் பங்கிடும் பெட்டி. மாற்றுவது மோடத்தின் வேலை. பங்கிடுவது ரவுட்டரின் வேலை. பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டியில் அமைந்துள்ளன. மூன்றாவது, பெட்டியிலிருந்து கைபேசிக்கும் கணினிக்கும் செல்லும் வைஃபை அல்லது கம்பி. பழுது இம்மூன்றில் எதில் உள்ளது என்பதைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

விளக்குகள் கூறுவது என்ன?

பெட்டியின் முகப்பில் உள்ள சிறு விளக்குகளே நமக்கு வழிகாட்டி. அவற்றின் பெயர்கள் பெட்டிக்குப் பெட்டி சிறிது வேறுபடினும் பொருள் ஏறக்குறைய ஒன்றே.

எந்த விளக்கும் எரியவில்லையெனில் மின்சாரமே பெட்டிக்கு வரவில்லை என்று பொருள். அதே சுவிட்சுப் பெட்டியில் வேறொரு கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். மின்சாரம் இருப்பின், அடாப்டர் பழுதடைந்திருத்தல் கூடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவு பெட்டியில் குறித்துள்ளபடியே இருத்தல் வேண்டும்; பல பெட்டிகளுக்கு இது 12 வோல்ட். ஆம்பியர் அளவு குறித்ததற்குக் குறைதலாகாது. அருகில் பம்புசெட் மோட்டார் ஓடத் தொடங்கும் போதெல்லாம் பெட்டி அணைந்து எரியுமாயின், மின்னழுத்தம் தாழ்வதே காரணமாயிருக்கலாம். ரவுட்டருக்கென விற்கப்படும் சிறு மின்கலப் பெட்டி இக்குறையைப் போக்கும்.

எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலும் மின்னினாலும், ஒளி பெட்டிவரை வந்து சேரவில்லை என்று அறிக. இழை எங்கேனும் மடிந்துள்ளதா, நசுங்கியுள்ளதா, எலியோ அணிலோ கடித்துள்ளதா, இணைப்பு முனை முழுதும் செருகப்பட்டுள்ளதா என்று கண்ணால் பார்க்கலாம். அதற்குமேல் நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. ஒளி செல்லும் நடுப்பகுதியின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு. விரல் பட்ட அழுக்கே அதனை மறைக்கப் போதும். முனையைக் கழற்றி அதனுள் நோக்குதல் எவ்விதத்திலும் கூடாது. அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது.

பி.ஓ.என். என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் இழை நலமாக உள்ளது. அது ஓயாமல் மின்னிக்கொண்டேயிருந்தால், பெட்டி இன்னும் நிறுவனத்தின் நிலையத்தோடு தொடர்பு கொள்ளவில்லை என்பது பொருள். சில நிமிடங்கள் பொறுத்தும் மாறவில்லையெனில் முறையிட வேண்டும்.

பி.ஓ.என். நன்றாக எரிந்து, இன்டர்நெட் என்ற விளக்கு மட்டும் எரியாமலோ சிவப்பாகவோ இருந்தால், முதலில் சந்தாத் தொகை செலுத்தப்பட்டுள்ளதா என்று பார்த்தல் நலம். தவணை முடிந்ததை மறந்துவிட்டுப் பெட்டியைக் குறைகூறும் இல்லங்கள் பல.

வீட்டினுள் உள்ள பழுது

எல்லா விளக்குகளும் முறையாக எரிந்தும் கைபேசியில் இணையம் இல்லையெனில், வேறொரு கைபேசியில் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்போது இரண்டிலும் சிம் வழி இணையத்தை நிறுத்தி வைத்தல் அவசியம். இல்லையேல் எது வேலை செய்கிறது என்பது தெரியாது. இரண்டாவதில் இணையம் வந்தால் குறை முதற் கைபேசியில் உள்ளது. இரண்டிலும் வரவில்லையெனில், கணினியைக் கம்பி மூலம் நேரே பெட்டியோடு இணைத்துப் பார்க்கலாம். கம்பியில் வந்து வைஃபையில் வரவில்லையெனில் குறை வைஃபையில் உள்ளது. ஏதேனும் ஓர் இணையதளம் மட்டும் திறக்கவில்லையெனில் நம் இணைப்பில் பழுதில்லை. கடைசி நாளில் பலரும் ஒருங்கே நுழைவதால் அத்தளமே திணறக்கூடும்.

வைஃபை அலை கனத்த மண்சுவரிலும் கான்கிரீட் சுவரிலும் வலுவிழக்கும். இரும்பு பீரோவும் தகரமும் அதனைத் தடுக்கும். ஆகவே பெட்டியை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும். இரண்டு அலைவரிசைகள் உள்ள பெட்டியில், 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவுக்குச் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவு மிக்கது, ஆயினும் அருகிலேயே பயன்படும். திண்ணையில் அமர்ந்து பயன்படுத்துவோர் முன்னதைத் தேர்ந்தெடுப்பது நன்று.

செய்ய வேண்டியதும் செய்யத் தகாததும்

பெட்டியை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மீண்டும் இயக்கி, ஐந்து நிமிடம் காத்திருத்தல் பல சிறு பழுதுகளை நீக்கும். இதனால் தீங்கு எதுவும் நேராது. ஆனால் ரீசெட் துளையை அழுத்துவது இதனின்றும் முற்றிலும் வேறானது. அது நிறுவனத்தார் பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் முதலிய அமைப்புகளை அழித்துவிடக் கூடும். நிறுவனத்தார் கூறினாலன்றி அதனைத் தொடுதல் ஆகாது. இடி மின்னல் மிகுந்த வேளையில் அடாப்டரைக் கழற்றி வைக்க வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, மின்கம்பி கடத்தும்.

முறையிடும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் கூறினால் பயன் குறைவு. "நேற்று மாலை ஆறு மணி முதல் எல்.ஓ.எஸ். சிவப்பாக உள்ளது, மின்சாரம் சரி, கம்பியில் மடிப்பில்லை" என்று கூறினால், வருபவர் உரிய கருவியுடன் வருவார். முறையீட்டு எண்ணைத் தவறாமல் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்ல அந்த எண்ணே ஆதாரமாகும்.

ஊராட்சி மன்றத்தின் கடமை

நம் ஊர்களில் இழை அறுபடுவதற்கு ஒரு காரணம் நாமே. குடிநீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டும் மண்வாரி இயந்திரம், ஒரே வீச்சில் ஊர் முழுவதன் இணைப்பையும் அறுத்துவிடுகிறது. இதனைத் தடுக்கவே மத்திய அரசு 2023 மார்ச்சு மாதத்தில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை வெளியிட்டது. தோண்டுபவர் முன்கூட்டியே அதில் தெரிவித்தால், அவ்விடத்தில் கம்பியோ குழாயோ பதித்தவர்களுக்குச் செய்தி சென்றடையும். பணி ஆணை வழங்கும்போதே ஒப்பந்தக்காரரிடம் இதனை வலியுறுத்துவது மன்ற உறுப்பினர்களின் பொறுப்பாகும்.

இன்னும் ஒன்று செய்யலாம். சேவை மையச் சுவரில், பெட்டிக்கு அருகில், ஒரு தாளை ஒட்டி வையுங்கள். விளக்குகளின் பொருள், இணைப்பு எண், முறையீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். "ரீசெட் துளையைத் தொடாதீர்" என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் பலர் பார்வையில் வைக்காமல், ஊராட்சிச் செயலரின் பதிவேட்டில் குறித்து வைத்தல் வேண்டும்.

மேலே கூறிய ஊராட்சியில் இன்று அத்தகைய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர் குண்டூசியை அழுத்திய அதே இளைஞர்தாம். சென்ற மாதம் சிவப்பு விளக்கு எரிந்தபோது, அவர் பெட்டியைத் தொடாமல், பார்த்ததை அப்படியே தொலைபேசியில் கூறினார். அன்று பிற்பகலுக்குள் இணைப்பு மீண்டது. ஒவ்வோர் ஊராட்சியிலும் இவ்வாறு அறிந்தவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அடுத்த காப்பீட்டுக் காலக்கெடுவுக்கு முன்னரே அவரைத் தேர்ந்தெடுத்து இப்பொறுப்பை ஒப்படைக்குமாறு மன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.