போட்டோ பார்த்து காளான் சமைக்காதீங்க! உயிருக்கே உலை வைக்கும் விஷக்காளான்

காஞ்சீபுரம்,

பருவமழை தொடங்கி நாலு இடி இடித்தால் போதும். ஏரிக்கரை, வரப்பு, புற்று மேடு என்று கண்ட இடத்தில் எல்லாம் காளான் தலை காட்டும். காஞ்சீபுரம் சுற்றுவட்டார கிராமங்களில் விடியற்காலையிலேயே காளான் பறிக்க கிளம்புகிறவர்கள் உண்டு. புற்றுக்காளான் கிடைத்து விட்டால் அன்றைக்கு கறிக்குழம்பே தேவையில்லை.

முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் வீட்டு பெரியவர்கள் கையில் காளானை கொடுத்து கேட்பார்கள். இப்போது செல்போனில் படம் பிடித்து "இதை சாப்பிடலாமா?" என்று வாட்ஸ்-அப்பில் அனுப்புகிறார்கள். காளான் பெயர் சொல்லும் "ஆப்"களும் வந்து விட்டன. படத்தை போட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பெயர் வந்து விடும். அந்த பெயர் சரிதானா? அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

பாதிக்கு பாதி தப்பு

ஆஸ்திரேலியாவில் 78 காளான்களின் படங்களை 3 ஆப்களில் போட்டு சோதித்து பார்த்தார்கள். 2023-ம் ஆண்டு முடிவு வெளியானது. இருப்பதிலேயே நல்ல ஆப் கூட 49 சதவீதம்தான் சரியாக சொன்னது. மற்ற இரண்டும் 35 சதவீதம்தான். ஆளை கொல்லும் "டெத் கேப்" காளானை ஒரு ஆப் கூட எல்லா தடவையும் சரியாக கண்டுபிடிக்கவில்லை. உயிர் விஷயத்தில் பூவா தலையா போட்டு பார்ப்பது போலத்தான் இது.

படத்தில் எது தெரியாது?

ஒரு சேலையை படம் எடுத்து அனுப்பி, "இது அசல் ஜரிகையா, போலியா?" என்று கேட்டால் காஞ்சீபுரத்து நெசவாளி சிரிப்பார். இழையை கையில் வாங்கி உரசி பார்க்க வேண்டும். உள்ளே சிவப்பு பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும்.

காளானும் அப்படித்தான். மேலே இருக்கும் குடையை மட்டும் படம் எடுப்பதுதான் நிறைய பேர் வழக்கம். ஆனால் அடையாளம் எல்லாம் குடைக்கு அடியிலும், மண்ணுக்கு உள்ளேயும் இருக்கிறது.

புற்றுக்காளானை கறையான்தான் தன் கூட்டுக்குள் வளர்க்கிறது. அதன் தண்டு வேர் மாதிரி நீண்டு மண்ணுக்குள் கறையான் கூடு வரை போகும். மேலோடு கிள்ளி எடுத்தால் அந்த அடையாளமே போச்சு.

புல்வெளியில் முளைக்கும் இன்னொரு வெள்ளை குடைக்காளான் இருக்கிறது. "குளோரோபில்லம்" என்று பெயர். பார்க்க சாதுவாக இருக்கும். சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு பின்னி எடுத்து விடும். முற்றிய பிறகு இதன் அடிப்பக்க மடிப்புகள் பச்சையாக மாறும். பிஞ்சாக இருக்கும் போது அதுவும் வெள்ளைதான். அப்போது படம் எடுத்தால் வித்தியாசம் எப்படி தெரியும்?

வைக்கோல் காளானிலும் இதே குழப்பம்தான். மொட்டாக இருக்கும் போது டெத் கேப்பும் அதே மாதிரி முட்டை வடிவில் இருக்கும். அமெரிக்காவில் குடியேறிய தென்கிழக்கு ஆசிய மக்கள் ஊரில் சாப்பிட்ட வைக்கோல் காளான் என்று நினைத்து டெத் கேப்பை பறித்து சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு போன சம்பவங்கள் உண்டு. பழக்கப்பட்ட கண்ணையே ஏமாற்றும் காளானை போட்டோ மட்டும் பிடித்து விடுமா?

அசாமில் 13 பேர் பலி

நம் நாட்டிலும் இந்த சோகம் நடந்திருக்கிறது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்ட 13 பேர் திப்ருகார் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தேயிலை தோட்ட தொழிலாளர் குடும்பத்தினர். மழைக்கு பிறகு தானாக முளைத்ததை பறித்து சமைத்தவர்கள்.

2-வது நாள் ஏமாற்றும்

டெத் கேப் போன்ற காளான்களில் இருக்கும் விஷத்துக்கு "அமடாக்சின்" என்று பெயர். சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. 6 மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் வாந்தி, பேதி ஆரம்பிக்கும். ஒரு நாள் கழித்து அது நின்று விடும். "சரியாயிடுச்சு" என்று வீட்டில் நிம்மதி ஆவார்கள். ஆனால் உள்ளே கல்லீரல் அழிந்து கொண்டிருக்கும். 3-வது, 4-வது நாளில் மஞ்சள் காமாலை, மயக்கம், மரணம் வரை போய் விடும்.

இதை எல்லாம் நம்பாதீங்க

* "நல்லா கொதிக்க வெச்சா விஷம் போயிடும்" - போகாது. அமடாக்சின் சூட்டுக்கு அசையாது.

* "வெள்ளி காசு, பூண்டு போட்டா கறுத்துடும்" - விஷக்காளானிலும் கறுக்காமல் இருக்கும்.

* "பூச்சி கடிச்சிருந்தா நல்ல காளான்" - பூச்சிக்கு ஆகாத விஷம் வேறு, மனிதனுக்கு ஆகாத விஷம் வேறு.

சாப்பிட்டு விட்டால்...

உப்பு தண்ணீர் குடித்து வாந்தி எடுப்பது, நாட்டு வைத்தியம் பார்ப்பது என்று நேரத்தை வீணாக்கக்கூடாது. உடனே 108-க்கு போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். ஒரே குழம்பை சாப்பிட்ட எல்லோரும், உடம்பு நன்றாக இருப்பவர்கள் உள்பட, போக வேண்டும். சாப்பிட்ட நேரத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மிச்சம் இருக்கும் காளானை பேப்பரில் சுற்றி கையோடு கொண்டு போக வேண்டும். பறித்த இடம், குடை, அடிப்பக்கம், தண்டு என்று படம் இருந்தால் அதையும் காட்டலாம். போட்டோ உதவுவது இந்த இடத்தில்தான்.

காளான் ஆசையை தீர்க்க வேறு வழி இருக்கிறது. கோவை வேளாண்மை பல்கலைக்கழகம் 1998-ம் ஆண்டு வெளியிட்ட ஏ.பி.கே.-2 பால்காளான் நம்ம ஊர் வெயிலுக்கும் தாங்கி வளரும். சிப்பிக்காளானும் இருக்கிறது. இரண்டையுமே வைக்கோலை வைத்து வீட்டு கொட்டகையிலேயே வளர்க்கலாம்.

வரப்பில் முளைத்ததை பார்த்து கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் விட்டு விடுவதுதான் நல்லது. போட்டோவை பார்த்து "வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். "சாப்பிடலாம்" என்று சொன்னால் மட்டும் நம்பி அடுப்பில் ஏற்றக்கூடாது.