உலகமே குதிரை ஓட்டிய பாட்டு... தெரியுமா?

கொரிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர்களையும் குதிரை ஓட்டுவதுபோல் ஆடவைத்த பாட்டு ‘கங்னம் ஸ்டைல்’. தென்கொரியப் பாடகர் சை பாடிய இந்தப் பாட்டு 2012 ஜூலை 15 அன்று வெளியானது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிசயம்!

● ‘கங்னம்’ என்பது சியோல் நகரில் ஹான் ஆற்றின் தென்கரையில் இருக்கும் பணக்காரர்களின் பேட்டை. அந்தப் பகட்டைத்தான் பாட்டு கிண்டலடித்தது. ஆனால், அதே கங்னத்தில் 2016இல் இந்த நடனத்தின் கை முத்திரைக்கு வெண்கலச் சிலையே வைத்துவிட்டார்கள்!

● யூடியூபில் முதன்முதலாக 100 கோடிப் பார்வைகளைத் தொட்ட வீடியோ இதுதான்! தொட்ட நாள், 2012 டிசம்பர் 21. ஆம், ‘உலகம் அழியப்போகிறது’ என்று பீதி கிளம்பிய அதே நாள்!

● யூடியூபின் பழைய கணக்குமுறையில் ஒரு வீடியோவின் பார்வைகளுக்கு உச்ச எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 2014இல் இந்தப் பாட்டு அதையும் தாண்டியது. இப்போதைய உச்சவரம்பு சுமார் 92 ஆயிரம் கோடி கோடி!

● 2012இல் உலகம் முழுக்க டிஜிட்டலில் 97 லட்சம் பிரதிகள் விற்று, அந்த ஆண்டின் டிஜிட்டல் பாட்டு விற்பனையில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. யூடியூப் விளம்பரங்கள் மூலம் மட்டும் சுமார் 80 லட்சம் டாலர் ஈட்டியதாக 2013 தொடக்கத்தில் கூகுள் சொன்னது!

● சையின் அப்பா நடத்திய நிறுவனம் செமிகண்டக்டர் தொழிலைச் சேர்ந்தது. பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை! ஆனாலும் மகன் ஆட ஆட, அப்பா கம்பெனியின் பங்கு விலை பல மடங்கு எகிறியது!

● பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 7 வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. அப்போது யூடியூப் பார்வைகளை பில்போர்டு கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கத் தொடங்கியது 2013 பிப்ரவரியில்!

● இத்தனை வெற்றிக்கும் முக்கியக் காரணம் என்ன தெரியுமா? ஊர் ஊராக ரசிகர்கள் எடுத்த நையாண்டி வீடியோக்களை சை தடுக்கவே இல்லை. ஒவ்வொரு நையாண்டியும் மூலப்பாட்டுக்கு இலவச விளம்பரமானது!

2017 ஜூலை வரை யூடியூபில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ என்ற மகுடம் இதன் தலையில்தான் இருந்தது. தாய்மொழியில் பாட்டுக் கட்டும் இளைஞர்களே, உலகச் சந்தைக்காக உங்கள் மொழியை மாற்ற வேண்டாம். கங்னம் ஸ்டைல் மாற்றவில்லை, ஜெயித்தது!