சரக்கு கைமாறும் இடம்

வேலையின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் குடும்பங்களில், தந்தையின் தொழில் இன்னதென்று பிள்ளைகள் எளிதில் அறிந்திருந்தனர். சாலைக்கடைத் தெருவில் பலசரக்கு விற்பவர், ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவர், பள்ளியில் பாடம் சொல்பவர் என்று ஒரே சொல்லில் அது விளங்கிற்று. இன்றோ, பிள்ளைகளின் தொழில் இன்னதென்று தந்தைக்கு விளங்குவதில்லை. கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கிற்கு நாள்தோறும் போய் வரும் மகனையோ மகளையோ கேட்டால், "பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்கிறேன்" என்று விடை வரும். தாமே ஒன்றைச் செய்யாமல் பிறர் செய்ததைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா என்று பெற்றோர் மனத்துள் எண்ணுகின்றனர். ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நான், இவ்வேலை எத்தகைய பொறுப்புடையது என்பதை நமக்குப் பழகிய சொற்களில் விளக்க முயல்கிறேன்.

கட்டற்ற மென்பொருளும் நம் ஊரும்

மென்பொருள்களுள் ஒரு வகையைக் கட்டற்ற மென்பொருள் என்பர். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கத்திலிருந்து வளர்ந்தது இக்கொள்கை. இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை, 2001-ஆம் ஆண்டு ஜூலையில், ஸ்டால்மன் முன்னிலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் கணிப்பொறி பயில்வதும் இத்தகைய மென்பொருளைக் கொண்டே.

இவற்றுள் ஒத்திகை மென்பொருள் என்று ஓர் இனம் உண்டு. ஆங்கிலச் சொல்லால் சிமுலேஷன் என்று வழங்குவது இதுவே. பாலம் கட்டுமுன் அது பாரத்தைத் தாங்குமா என்றும், மின்சுற்றைச் செய்யுமுன் அது இயங்குமா என்றும் கணிப்பொறியிலேயே நடத்திப் பார்ப்பது இதன் பணி. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டத்தினர் உருவாக்கிய இ-சிம் என்பது மின்சுற்றுகளுக்கான அத்தகைய மென்பொருள். அதில் சுற்றின் படத்தை வரைவது கீகேட் என்னும் மென்பொருள். ஒத்திகை நடத்துவது என்ஜி-ஸ்பைஸ் என்னும் வேறொரு மென்பொருள். முன்னதன் கோப்பைப் பின்னதற்கு ஏற்ற கோப்பாக மாற்றித் தருவதற்கென்றே இ-சிம்மில் தனிப்பகுதி ஒன்று உள்ளது. ஒரு மென்பொருளின் சரக்கை மற்றொன்று ஏற்கும் வடிவில் எழுதி வெளியே அனுப்புவதையே கோப்பு ஏற்றுமதி என்கிறோம்.

பாதை மாறும் இடம்

ரயில்வேக் குடும்பத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு 1904-இல் வந்த பாதை, தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமுடையது. திருவனந்தபுரம் எர்ணாகுளம் பாதை 1976-இல் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாயிற்று. செங்கோட்டைப் பாதை முழுவதும் அவ்வாறு ஆனது 2018-இல்தான். இரு பாதைகள் சந்திக்கும் நிலையத்தில் ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டும். டிரான்ஷிப்மெண்ட் என்று நாங்கள் சொல்வது இதையே. மூட்டை குறைவதும், உடைவதும், ஊர் மாறிப் போவதும் பெரும்பாலும் ஓடும் வண்டியில் அல்ல. சரக்குக் கைமாறும் அவ்விடத்தில்தான். ஆதலால் அங்கே ஒருவர் சீட்டும் கையுமாக நின்று மூட்டைகளை எண்ணுவார். ஏற்றுமதி நிரலைச் சரிபார்ப்பவர் நிற்பதும் அதே இடத்தில்தான்.

வேறுபாடு ஒன்று உண்டு. மூட்டை உடைந்தால் அரிசி சிந்துவதைக் கண் காணும். கோப்பில் எண் சிதைந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. கோப்பு ஒழுங்காகத் திறக்கும், ஒத்திகையும் ஓடும், விடையும் வரும். ஆனால் அது பொய்யான விடையாக இருக்கும்.

ஓர் எழுத்தால் நூறு கோடி மடங்கு

மின்சுற்றுப் படத்தில் ஒரு தடையின் மதிப்பை "1 எம்" என்று பெரிய எழுத்தில் குறித்தால், பத்து இலட்சம் ஓம் என்று பொறியாளர் கொள்வர். என்ஜி-ஸ்பைஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேறுபாடு பார்ப்பதில்லை. அதற்கு "எம்" என்றால் மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து இலட்சத்தைக் குறிக்க "மெக்" என்று எழுதல் வேண்டும். இதனை அறியாத ஒருவர் ஏற்றுமதி நிரல் எழுதினால், பத்து இலட்சம் ஓம் ஆயிரத்தில் ஒரு ஓமாகிவிடும். பிழை நூறு கோடி மடங்கு! ஐந்து வோல்ட் அழுத்தத்தில் ஓர் ஆம்பியரின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு ஓட வேண்டிய தடையில், ஐயாயிரம் ஆம்பியர் ஓடுவதாக ஒத்திகை காட்டும். மெய்யான கம்பியானால் உருகிப் புகைந்து எச்சரித்திருக்கும். கணிப்பொறியில் புகை ஏது? நாழி என்னும் ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு அளவைக் குறித்த காலத்தில் நம் வணிகர் பட்ட தொல்லை இதில் மீண்டும் வருகிறது.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பரில் செவ்வாய்க் கோளுக்கு ஒரு விண்கலத்தை அனுப்பியது. தரையிலிருந்த ஒரு மென்பொருள், கலத்தின் சிற்றுந்துவிசைகள் தந்த உந்தத்தைக் கோப்பில் பவுண்டு-விநாடிக் கணக்கில் எழுதியது. அதைப் படித்த மென்பொருளோ நியூட்டன்-விநாடி என்று எண்ணிக்கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நாலரை மடங்கு வேறுபாடு. செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம், 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, 1999 செப்டம்பர் 23-இல் அழிந்தது. அது கட்டற்ற மென்பொருள் அன்று; எனினும் பாடம் பொதுவானது. கலத்தின் பொறிகளில் பழுதில்லை. கோப்புக் கைமாறிய இடத்தில்தான் பழுது நேர்ந்தது.

சரிபார்ப்பவர் காண்பன யாவை?

கட்டற்ற மென்பொருளுக்கு உலகின் எம்மூலையிலிருந்தும் திருத்தங்கள் வரும். முகமறியாத ஒருவர், கூலி எதுவும் கருதாமல், தாம் எழுதிய நிரலை அனுப்பி வைப்பார். சரிபார்ப்பவர் அதனை வரிவரியாகப் படிக்கிறார். அலகு சரியா என்பது அவர் முதலில் கேட்கும் கேள்வி.

அடுத்தது இலக்கம். எண்களைக் கோப்பில் எழுதும்போது ஆறு இலக்கம் போதும் என்று நிரல் விட்டுவிடுவது உண்டு. 864250.60 மீட்டரில் ஒரு தூணும் 864250.85 மீட்டரில் மற்றொரு தூணும் இருந்தால், ஆறு இலக்கத்தில் இரண்டும் 864251 ஆகிவிடும். கால் மீட்டர் இடைவெளி மறைந்து இரு தூண்களும் ஒன்றாகும்! கணிப்பொறி பொதுவாக ஆளும் இரட்டைத் துல்லிய எண் சிதையாமல் மீண்டுவர 17 இலக்கம் வேண்டும்.

மூன்றாவது, நாட்டு வழக்கம். நாம் மூன்றரையை 3.5 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். ஜெர்மானியர் 3,5 என்று காற்புள்ளி இடுவர். ஜெர்மானிய அமைப்புடைய கணிப்பொறியில் ஏற்றுமதியான கோப்பில் இவ்வாறு புகுந்தால், காற்புள்ளியால் பத்தி பிரிக்கும் மென்பொருள் அதை மூன்று என்றும் ஐந்து என்றும் இரண்டு எண்களாகப் படிக்கும்.

நான்காவது நம் மொழியைப் பற்றியது. யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் இடம் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும்; "தி" என்னும் ஓர் எழுத்தே இரண்டு குறியீடுகளால் ஆனது. திருவனந்தபுரம் என்னும் பெயருக்கு ஆங்கில எழுத்தில் 18 பைட்; தமிழில் 42 பைட். முப்பரிமாண வடிவங்களுக்கான எஸ்.டி.எல். என்னும் இருமக் கோப்பின் தலைப்பில் 80 பைட்டே இடம். நம் பெயர் அதனை மீறினால் எழுத்தின் நடுவே வெட்டுப்படும். ஆங்கிலம் ஒன்றையே எண்ணி எழுதியவர்க்கு இது தோன்றாது. தமிழறிந்த ஒருவர் சரிபார்க்கும் இடத்தில் இருந்தால் உடனே தோன்றும்.

படிப்பதோடு சரிபார்ப்பவர் பணி முடிவதில்லை. கோப்பை வெளியே எழுதச் செய்து, மீண்டும் உள்ளே படிக்கச் செய்து, போனதும் வந்ததும் ஒன்றா என்று ஒப்பிடுவார். சுழியம், எதிர்மறை எண், மிகப்பெரிய எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்ப்பார். வேறு மென்பொருளிலும் அக்கோப்பைத் திறந்து காண்பார். இச்சோதனைகளைக் கணிப்பொறி தானே ஒவ்வொரு முறையும் செய்யும்படி எழுதி வைக்கச் சொல்வார். இன்று அவர் கண்ட பிழை நாளை வேறொருவர் கையால் திரும்பி வாராமல் காப்பது அதுவே.

சொல்லும் முறை

கண்ட குறையை எங்ஙனம் சொல்வது என்பதும் இவ்வேலையின் ஒரு பகுதி. நாகர்கோவிலிலோ நெல்லையிலோ கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் தம் முதல் நிரலை அனுப்பியிருக்கலாம். கடுஞ்சொல் கேட்டால் அவர் மறுபடி வாரார். குறையை மறைத்து ஏற்றுக்கொண்டாலோ, அம்மென்பொருளை நம்பிப் பாலம் வரைபவர் கெடுவார். "தங்கள் உழைப்புக்கு நன்றி, இவ்வரியில் அலகு மாறுகிறது, இந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்" என்று எழுதுபவரே நல்ல சரிபார்ப்பாளர். நிரலைக் கடிவார், எழுதியவரைக் கடியார். சபைக்கு முன் நடக்கும் வேலையாதலால், அவர் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் பின்வருவோர் படித்துக் கற்பர்.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. இங்கே ஊரும் சாதியும் பட்டமும் கேட்பாரில்லை. பிறந்த ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றோர்க்கு, "நீ எவ்வூரான்?" என்னும் கேள்வி எங்கும் முன்னே வந்து நிற்கும். இந்தப் பணியிலோ, "கோப்பு சரியாகச் சென்றதா?" என்பதே முதற்கேள்வி. நம் பிள்ளைகளின் அறிவு தன் தகுதியால் மட்டுமே அளக்கப்படும் களம் இது.

ஆதலின், பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் பயிலும் பிள்ளைகளைப் புதிதாக எழுதுவதற்கு ஊக்குவது போலவே, பிறர் எழுதியதைப் பொறுமையோடு படிக்கவும் பழக்குங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தி, கண்ட பிழையை எண்களோடு தெளிவாக எழுதி அனுப்பலாம். தமிழ்ப் பெயரிட்ட கோப்பொன்றை அனுப்பிச் சோதித்துச் சொல்லலாம். இனி உங்கள் மகனோ மகளோ இரவு நேரத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்து பிறர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீண்பொழுது என்று எண்ணாதீர்கள். "எந்தச் சரக்கு, எங்கே போகிறது?" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள், உங்களுக்கும் விளங்கும்.